ஏழாம் ஒட்டின் அட்டைகள்

புகையிலை இலையின் நடு நரம்பை ஒட்டி அளவுகோலை வைத்தேன். அறுபத்து நாலு சென்டிமீட்டர். சோதனையில் இருக்கும் பதினாறு ஒட்டு ரகங்களில் இந்த ஏழாம் ஒட்டில்தான் பெரிய இலை. எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தச் செடி வரப்போரத்தில் நிற்பதைக் கவனித்தேன். அளக்கவேண்டிய செடி என்று காட்டும் அட்டையை ஓரச் செடிகளில் நான் கட்டுவதே இல்லை. ஓரத்தில் நிற்பதற்கு இடமும் ஈரமும் கூடுதலாகக் கிடைக்கும். அந்த அளவை நம்ப முடியாது.

"இசக்கியக்கா, இந்த அட்டை இங்க எப்படி வந்துச்சு?"

மூன்று வருடமாக இந்தப் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மாள் களைக்கொத்தோடு வந்தாள்.

"நாந்தான் மாத்திக் கட்டினேன். நீங்க கட்டுன செடி கருகிட்டுல்லா. செத்தத அளந்து என்னத்த எழுதுவீய?"

"இது ஒண்ணுதானா?"

"ஏழாம் நம்பர்லதான் நெறைய. வருசா வருசம் பாத்திக்கு உள்ளயே நல்லா நிக்கதுல கட்டிருவேன். இந்தத் தடவ பாத்திக்குள்ள நல்ல செடியே மிஞ்சல." சிரித்தாள். "வெயில்ல இம்புட்டுத் தூரம் வாரீய. வெறுங்கட்டமா கொண்டுபோனா ஆபீசுல ஏசமாட்டாவளா?"

ஏழாம் ஒட்டில் பக்கத்துச் செடிகள் சாகச் சாக, மிஞ்சியவை அவற்றின் ஈரத்தையும் குடித்து இலை விரித்திருக்கின்றன. போன வருடங்களில் நான் அவற்றை மட்டும் அளந்து சராசரி எடுத்தேன். மற்ற ரகங்களோடு இருந்த வித்தியாசம் தற்செயல் அல்ல என்று கணினி சொன்னது. வறட்சி தாங்கும் ரகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடைவெளிகளைப் பார்க்காமல் இல்லை. கரையான் தின்றது என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். எத்தனை நட்டோம், எத்தனை நின்றன என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. படிவத்தைத் தயாரித்தவளும் நான்தான்.

விதை வழங்கும் அதிகாரி ஜெயபாண்டிக்குப் போன் செய்து, ஏழாம் ஒட்டின் விதையை நிறுத்தச் சொன்னேன்.

"விதை போன வாரமே புதூர் விவசாயிகளுக்குப் போயிட்டும்மா. செத்தது எத்தனைன்னு நம்பர் இருக்கா? அது இல்லாம எத வச்சு நிறுத்தச் சொல்லுதீங்க?"

அப்படி ஒரு நம்பர் என்னிடம் இல்லை. அவர் போனை வைத்தார்.

"எங்க வீட்டுலயும் ரெண்டு ஏக்கருக்கு வாங்கி வச்சிருக்காவ," என்றாள் இசக்கியம்மாள். "நாந்தான் ஏழாம் நம்பர வாங்கச் சொன்னேன்."

காய்ந்த சோளத்தட்டைகளை ஒடித்து வந்து, செடி செத்த இடங்களில் ஒவ்வொன்றாக ஊன்றத் தொடங்கினாள். நான் எண்ணி எழுதினேன். பதினொன்றாவது குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டடி முன்னால் போனாள், திரும்ப வந்தாள். செடி நின்ற இடம் எதுவென்று தெரியாதபடி, கரிசல் மண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெடித்துக் கிடந்தது.