பல் டிபார்ட்மென்ட்

காலையில் எழுந்ததும் அவன் பால் காய்ச்சுவான். சோற்றை மிக்சியில் கூழாக அரைத்து வடிகட்டுவான். பிறகு மனைவியின் பற்களுக்கிடையே ஐஸ்கிரீம் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகுவான். வாய் திறப்பதற்கான பயிற்சி அது. குச்சிகளைக் கழுவிக் காயவைத்துவிட்டு வேலைக்குப் போவான்.

அவள் நாக்கில் வந்த புற்றுநோய் கதிர்வீச்சில் போய்விட்டது. அந்தக் கதிர்வீச்சு போகிற போக்கில் கீழ்த்தாடை எலும்பையும் சாகடித்துவிட்டது. பிடுங்கிய பல்லின் குழி ஆறவேயில்லை. உள்ளிருந்து எலும்பு எட்டிப் பார்த்தது. புண் ஆறட்டும் என்று ஆக்சிஜன் அறையில் தினமும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சேமிப்புதான் கரைந்தது. கடைசியில் மருத்துவர், செத்த எலும்பை அறுத்தெடுத்துவிட்டு, காலிலிருந்து ஓர் எலும்பை வெட்டித் தாடையில் பொருத்தலாம் என்றார்.

"அப்போ இனிமே வாயாலயே எட்டி உதைக்கலாம்," என்றாள் அவள், இறுகிய பற்களுக்கிடையே.

செலவு அவர்கள் சக்திக்கு மீறியது. காப்பீட்டில் பணம் கிடைத்தால்தான் அறுவை சிகிச்சை. காப்பீட்டு அலுவலகமோ, பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்று கைவிரித்துவிட்டது. இருவரும் நேரிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி டையைச் சரிசெய்துகொண்டார்.

"பாருங்கம்மா, வாய்க்குள்ள இருக்கறதெல்லாம் பல் டிபார்ட்மென்ட்தான்."

"நாக்கு சார்?"

"அது... அதுக்கு அப்பவே குடுத்துட்டோமே."

"சார், இது எலும்பு," என்றான் அவன். "இவளால வாயையே திறக்க முடியல."

"நல்லாத்தானே பேசறாங்க?"

"எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் குறையா சொல்வாரு," என்றாள். கைப்பையிலிருந்து குச்சிக் கட்டை எடுத்து, சிலவற்றை வாயில் செருகிக் காட்டினாள். அதற்குமேல் ஒன்றுகூடப் போகவில்லை. எடுத்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்கு எத்தனை சார் போகும்?"

அதிகாரி சவால் என்றால் விடுகிற ஆளில்லை. அவள் நீட்டிய புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து ஆரம்பித்தார். செருகினார், செருகிக்கொண்டே போனார்.

"அவ்ளோதானா சார்?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு. காதோரம் 'டொக்' என்று ஒரு சத்தம். குச்சிகள் மேசையில் கொட்டின. வாய் மட்டும் மூடவில்லை.

"ஆ... ஆ..."

"ஐயையோ! பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா சார்?"

அவர் பலமாகத் தலையாட்டி மறுத்தார். காதுக்குக் கீழே விரலால் குத்திக் குத்திக் காட்டினார்.

"எலும்பா சார்?"

ஆமாம், ஆமாம் என்று தலையசைத்தார். கண்ணில் நீர் முட்டியது.

அவனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மேசையிலிருந்த காப்பீட்டு விண்ணப்பத்தை அவர் முன்னால் தள்ளினான். அதிகாரி ஒரு கையால் தாடையைத் தாங்கியபடி மறு கையால் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் டாக்சி பிடித்தார்கள். அவரை மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது, வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் அவள் அவன் தோளில் சாய்ந்து குலுங்கினாள்.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு கச்சிதமாகப் பொருந்தியது என்றார்கள். ஆனால் காலிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி ஒன்று நெஞ்சில் போய் அடைத்தது. அவள் கண் விழிக்கவேயில்லை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் மாமியார் சொல்கிறார்: "கடைசியா, எல்லாரும் ஒத்துமையா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனா."

அவன் மறுப்பதில்லை. மாமியார் அந்நேரம் காபி வாங்கப் போயிருந்தார். தள்ளுகட்டில் நகரும்போது அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தான்.

"டேய், அந்த ஆளுக்கு வாய் மூடிச்சா இல்லையா, கேட்டியா?"