மார்கிரட் டீச்சரின் நாலு கோழிகள்

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, பக்கத்து வீட்டு மார்கிரட் டீச்சரைக் காய்ச்சல் விழுத்திவிட்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் அது. கெலிஓயாவில் மலேரியா புகாத வீடே இல்லை. உம்மு குல்சும் வீட்டிலும் அவளும் புருஷன் முஹைதீனும் மாறி மாறிப் படுத்து, குவினைன் குடித்துக் காது இரைந்து, ஒருவாறு எழும்பியிருந்தார்கள். டீச்சர் தனி ஆள். தம்பி சுவக்கின்தான் கண்டியிலிருந்து கார் பிடித்து வந்து, தூக்காத குறையாக அவளை ஏற்றினான்.

இரண்டு வீட்டுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. டீச்சரின் கோழிகள் வேலியால் நுழைந்து உம்மு குல்சுமின் மிளகாய் நாற்றைக் கிளறிப் போட்டதில் தொடங்கிய கோபம். இவள் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, அத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான்.

அன்றைக்கு வேலியோரம் நின்ற உம்மு குல்சுமின் காதில், சுவக்கின் கார்க்காரனிடம் சொன்னது விழுந்தது.

"நாலு கோழி இருக்கு. போற வழியில சந்தையில குடுத்துட்டுப் போயிருவோம்."

காருக்குள் டீச்சர் தலையை அசைக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பு இல்லை.

"தம்பி, கோழியை வித்துப்போடாதீங்க," என்றாள் உம்மு குல்சும். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. "நான் பாத்துக்கிறேன். டீச்சர் சொகமாகி வந்து எடுக்கட்டும்."

டீச்சர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். சுவக்கின் கால் கட்டியிருந்த நாலு கோழியையும் வேலிக்கு மேலால் நீட்டிவிட்டு ஏறிக்கொள்ள, கார் புறப்பட்டுவிட்டது.

உம்மு குல்சுமிடம் ஏற்கனவே ஆறு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. கோழியோடு கோழி சேர்ந்துகொள்ளாதா என்று, வந்த நாலையும் கால்கட்டை அவிழ்த்து முற்றத்தில் விட்டாள். அவ்வளவுதான். அவளுடைய பழைய சாம்பல் பெட்டை கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. மற்ற ஐந்தும் அதன் பின்னால் போயின. புதியவற்றில் ஒரு செங்கழுத்துக் கோழி அம்மிக்குப் பின்னால் ஒடுங்க, அதன் கொண்டையிலிருந்து இரத்தம் வடிந்தது.

மத்தியானச் சோற்றுக்குத் தன் கடையிலிருந்து வந்த முஹைதீன் அதைப் பார்த்தான்.

"இன்னொருத்தர் நம்பித் தந்த அமானிதம். செத்துப்போனா டீச்சருக்கு என்ன பதில் சொல்லப் போறாய்?"

அவளுக்கு அழுகை வந்தது. புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினாள். பிறகு இருவருமாக முற்றத்தின் ஒரு மூலையை மூங்கில் தட்டியால் அடைத்து, நாலையும் உள்ளே விட்டார்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. சீக்கு ஏதும் கொண்டுவந்திருந்தாலும் ஒரு கிழமைக்குள் தெரிந்துவிடும்.

தினமும் தட்டியின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் குறுணல் தூவினாள். முதல் இரண்டு நாள் தின்பதை விட்டுவிட்டுத் தட்டியைக் கொத்தின. நாலாம் நாள் தட்டியை மறந்து தின்றன. சாம்பல் பெட்டை மட்டும் விடவில்லை. காலையில் கூடு திறந்ததும் நேராகத் தட்டிக்குத்தான் ஓடும்.

ஒன்பதாம் நாள் உம்மு குல்சும் அதைப் பிடித்து, கொல்லைப் பக்கம் பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தாள்.

"என்ன, மறியல்ல அடைச்சுட்டாய்?" என்றான் முஹைதீன்.

"மூணு நாளைக்கு. அது இல்லாட்டி மத்ததெல்லாம் சாது."

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து தட்டியை எடுத்தாள். ஒரே இடத்தில் தீனி போடாமல் நாலைந்து இடத்தில் சிதறினாள். ஒன்று துரத்தினால் மற்றது வேறிடம் போய்த் தின்னட்டும் என்று. சின்னச் சின்னக் கொத்தல்கள் நடந்தன. இரத்தம் வரவில்லை. செங்கழுத்து பின்னால் நின்று நின்று, கடைசியில் சேவலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தது.

மூன்று நாள் கழித்து வெளியே வந்த சாம்பல் பெட்டை திகைத்துப் போயிற்று. முற்றம் முழுக்க ஒன்பது பெட்டைகள் கலந்து மேய்ந்தன. இரண்டு தடவை துரத்திப் பார்த்தது. கூட வர ஒன்றுமில்லை. மண்ணில் குளிக்கப் போய்விட்டது.

தை கடைசியில் செங்கழுத்து முட்டையிட்டது. கடைக்குச் சாமான் எடுக்கக் கண்டிக்குப் போன முஹைதீனிடம், டீச்சருக்கென்று தவிட்டில் புதைத்து ஆறு முட்டை கொடுத்தனுப்பினாள். பின்னேர ரயிலில் அவன் திரும்பி வந்தான்.

"எழும்பி உக்காந்து ஈக்கிறா. முட்டை எந்தக் கோழிட எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கெங்க தெரியும்? உன்னட்டக் கேட்டு வாறேன் எண்டேன்."

அடுத்த கிழமை முட்டையோடு பதிலும் போயிற்று.

மாசி நடுவில் டீச்சர் வந்தாள். முடி கொட்டி, சட்டை தோளில் தொங்கியது. தன் வீட்டைத் திறக்காமல் நேரே இங்கேதான் வந்தாள். உம்மு குல்சும் கதிரையை முற்றத்துக்கு எடுத்துப் போட்டாள். செங்கழுத்து காலடியில் வந்து மண்ணைக் கிளறியது. டீச்சர் அதைத் தூக்கி மடியில் வைத்து, காய்ந்த தழும்பைத் தடவினாள்.

"அது முதல் நாள் பட்டது," என்றாள் உம்மு குல்சும். "என்ட பிழைதான். சும்மா அவுத்து விட்டுட்டேன்."

"வாய்க்குச் சோறே பிடிக்காம கிடந்தேங்க. முட்டை வந்த அன்னிக்குத்தான் நானாவே சோறு கேட்டேன்."

உம்மு குல்சும் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள்.

"கோழியக் கொண்டு போறீங்களா?"

"பிரிக்க வேணாங்க. இங்கேயே பழகிருச்சு. நான் வந்து தீனி போடுறேன்."

சொன்னபடி தினமும் சிரட்டையில் குறுணலோடு வந்தாள். றோட்டால் சுற்றி வர அவளுக்கு மூச்சு வாங்குவதைக் கண்டு, முஹைதீன் வேலியில் இரண்டு கம்பைக் கழற்றி வழி விட்டான்.

தவக்காலத்தில், உடம்பு தேறாதவர்களுக்கு ஒறுத்தல் வேண்டாம் என்று பாதர் சொல்லியும் கேளாமல் டீச்சர் முட்டை தின்பதை விட்டாள். அதனால் பங்குனியில் கூட்டில் முட்டை சேர்ந்தது. அடைகாக்கக் குந்திய ஒரு பெட்டையின் கீழ் பதினொன்றை வைத்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய கிழமை ஒன்பது குஞ்சு பொரித்தது.

"எனக்கு அஞ்சு, ஒங்களுக்கு நாலு," என்றாள் டீச்சர்.

"ஏன் ஒங்களுக்கு அஞ்சு?"

டீச்சர் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்ததை உம்மு குல்சும் அன்றைக்குத்தான் கண்டாள்.