சோதிக்காத காற்று

பிப்ரவரி மாதக் காலை. கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் கழிவுநீர் பொங்கி வாசல்வரை வந்து உறைந்திருந்தது. கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரி பழுதாகிக் கிடந்ததால் சாக்கடைப் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஜெங்கிஷ் இரண்டு தொழிலாளிகளோடு மட்டும் வந்திருந்தார்.

"மூணு நாளா ஃபோன் பண்றோம். பிள்ளைங்க பலகை போட்டு நடக்குதுங்க. நீங்க நின்னு வேடிக்கை பாக்கறீங்க" என்றாள் தரைத்தளத்து அனாரா.

அடைப்புக்கு அடுத்த குழி வற்றிக் கிடந்தது. அதில் இறங்கிக் கம்பியால் குத்தினால் அடைப்பு உடையும். இறங்க வேண்டியவன் தொழிலாளிகளில் ஒருவனான உலான்.

"அண்ணே, காத்து பாக்கற கருவி எங்க?"

"பேட்டரி செத்து ஒரு மாசம் ஆச்சு. உனக்கு மூக்கு இல்லயா?"

ஜெங்கிஷ் வண்டியின் மேல் தாளை வைத்து, 'காற்று சோதிக்கப்பட்டது, இறங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உலான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான்.

"கல்யாணம் ஆனதிலேருந்து உனக்குப் பயம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று ஜெங்கிஷ் சிரித்தார்.

உலான் இறங்கிய நான்கு நிமிடத்தில் அடைப்பு உடைந்தது. கறுப்பு நீரோடு உள்ளே அடைபட்டிருந்த விஷவாயுவும் வந்தது. உலானின் குரல் நின்றுபோனது. ஜெங்கிஷ் குழிக்குள் கால் வைத்தார். இன்னொரு தொழிலாளியான செமெதே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நீங்களும் போனா ரெண்டு பேரையும் இழுக்க என்னால ஆகாது. கயிறப் பிடிங்க."

அனாராவும் சேர்ந்து இழுத்தாள். முகம் நீலம் பாரித்து வெளியே வந்த உலானுக்கு மூச்சு மட்டும் இருந்தது. பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தான். இருமல் மட்டும் விடவில்லை.

விசாரணைக்கு முன் மேலதிகாரியான பொறியாளர் ஜெங்கிஷைத் தனியாகக் கூப்பிட்டார். "தாள் சரியா இருக்கு. கால் வழுக்கி விழுந்தான்னு சொல்லிடுங்க. யாருக்கும் தொல்லையில்ல."

"தாள்ல இருக்கறது பொய். நான் காத்தே பாக்கல" என்றார் ஜெங்கிஷ். விசாரணையிலும் அதையே சொன்னார்.

மேற்பார்வையாளர் வேலை போயிற்று. அதே குழுவில் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஏப்ரலில் எல்லாக் குழுக்களுக்கும் புதுக் கருவிகள் வந்தன.

அந்த மாதமே வேறொரு தெருவில் இன்னொரு அடைப்பு. புது மேற்பார்வையாளர் கருவியை வண்டியிலேயே வைத்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போடப் போனார். வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஜெங்கிஷ் குழியின் விளிம்பில் நின்று வழியை மறித்தார்.

"பேனாவை உள்ள வைங்க தம்பி. கருவியை எடுங்க" என்றார். பிறகு வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "உங்க வாசல் நாறினா கழுவிக்கலாம். பாக்காமப் போட்ட கையெழுத்துல ஒரு ஆள் செத்தா எதை வச்சுக் கழுவறது? ஆளை இறக்கற அளவுக்கு எந்த அடைப்பும் அவசரமில்ல. கொஞ்சம் பொறுங்க."