கட்டி டயர்காரன்

மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எட்டு வருஷம் கட்டி டயர் லோரி ஓட்டியவன் நான். அந்த டயருக்குள் காற்றே கிடையாது, முழுக்க ரப்பர். ஆணி ஏறினால் ஏறட்டும், கண்ணாடி குத்தினால் குத்தட்டும், வண்டி அதுபாட்டுக்குப் போகும். வேகம் வராது, மழைக்குச் சறுக்கும், வாஸ்தவம்தான். சடக்கில், அந்த மண் ரோட்டில், கிடக்கிற ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங் வழியாகக் கைக்குள் இறங்கும். இறங்கினால் என்ன? ரப்பர் ஷீட் ஏற்றிப்போய் ஒரு நாள் ரயிலைத் தவறவிட்டிருப்பேனா? ஸ்டேஷனில் போய்க் கேளுங்கள்.

1926-இல் துரை காற்று டயர் போட்ட புது லோரி வாங்கினார்.

"இனிமே ரப்பர் ஷீட்டெல்லாம் அலுங்காம போகும் லா," என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் மனோகரன் கிராணி.

"நடுக்காட்டுல காத்து எறங்கினா நீங்களா தள்ளுவீங்க?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சிரிக்கவில்லை. துரையின் உத்தரவைச் சொன்னார். முதல் வாரம் கிராணி கூடவே வருவார். வழியில் பஞ்சரானால் தானே ஒட்டிக் கிளம்பத் தெரிந்தவனுக்குத்தான் லோரி. இல்லையென்றால் ஜொகூர் பாருவிலிருந்து வேறு ஆள் வருவான். டிரைவர் வீட்டையும் அவனுக்கு விட்டுவிட்டு நானும் என் பெண்சாதி ராஜம்மாவும் கூலிக்காரர் லயத்துக்குப் போக வேண்டியதுதான்.

சிகாமட்டில் சுப்ஹான் பாய் பட்டறையில் இரண்டே நாளில் தொழிலைக் கற்றுக்கொண்டேன். டியூபை ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. "குத்தினது டயருக்குள்ளயே நிக்கும் அண்ணே. விரலை விட்டுத் தடவிப் பாக்கணும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்," என்றார் பாய்.

புதன்கிழமை, ஸ்டேஷனுக்கு நாலு மைல் இருக்கும்போது பின் சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது. மாற்றுச் சக்கரம் இன்னும் வந்து சேரவில்லை. ஜாக்கி போட்டேன், டயரைக் கழற்றினேன், டியூபை ஒட்டினேன், உள்ளே விரல் விட்டுச் சுற்றித் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. பம்பு அடித்துக் கிளம்பினோம்.

கால் மைல் போகவில்லை. மறுபடியும் உஸ்.

"நல்லாப் பாத்தீங்களா டிரைவரே?"

"பாத்தேங்கய்யா. ஒண்ணுமில்ல."

மறுபடி கழற்றினேன், ஒட்டினேன், தடவினேன். இந்தத் தடவை இரண்டு சுற்று. உள்ளே வழவழவென்றுதான் இருந்தது. இந்தச் சனியன் பிடித்த காற்று டயரை எவன் கண்டுபிடித்தான் என்று திட்டிக்கொண்டே மாட்டினேன். ஒரு வளைவு தாண்டியதும் வண்டி மூன்றாம் முறை உட்கார்ந்தது.

திரும்பவும் டயருக்குள் கையை விட்டேன். கிராணி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஐயோ, என்னய்யா ரத்தம்!"

கையை வெளியே எடுத்தேன். மூன்று விரல்கள் கிழிந்து, மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அவர் கர்சீப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே துழாவி, அரை அங்குல ஆணி முனையைப் பிடுங்கி எடுத்தார். எடுத்தவர் ஆணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது குத்தினது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரிஞ்சுதுங்கய்யா," என்றேன்.

பொய். எட்டு வருஷமாக நான் தலையில் வைத்துக் கொண்டாடிய கட்டி டயர்தான் கல் கல்லாக என் விரலின் உணர்ச்சியைத் தின்றிருக்கிறது. அந்தச் சடக்கில் நின்றுதான் எனக்கே அது விளங்கியது. ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவிவிட்டுப் போனது. எனக்கு அழுகை வரவேண்டும், வரவில்லை. கோபமும் வரவில்லை.

சாயங்காலம் துரையிடமிருந்து சேதி வந்தது: திங்கட்கிழமை முதல் எனக்குப் புல்வெட்டு வேலை. வீட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும்.

"டயர் மோசம், அதான் லோரி போச்சு," என்று ராஜம்மாவிடம் சொன்னேன்.

அவள் என் கையை மடியில் வைத்து அயோடின் தடவினாள்.

"எரியுதாங்க?"

"எரியுது."

"பொறுத்துக்குங்க. எரிஞ்சாத்தான் ஆறும்," என்று குனிந்து விரல் விரலாக ஊதினாள். அவள் ஊதுகிறாளா, நிறுத்திவிட்டாளா என்பதை நான் அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.