ஆயிரத்தொன்றாம் எண் அன்சார்

கணவன் இறந்தபின் இருக்கும் இத்தா முடிந்த மறுவாரம் ஷஹானா போன் செய்தாள். "அண்ணே, அவங்க பெட்டி தொறக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

அவங்க என்றால் அவள் கணவன் அன்சார். பெரம்பலூரில் என்னோடு படித்தவன். ஷார்ஜாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, மாரடைப்பில் போய், அங்கேயே அடக்கமும் ஆனவன். பெட்டி என்பது லப்பைக்குடிக்காட்டில் அவன் வீட்டு மாடியில் ஓடும் கம்ப்யூட்டர். மகள் இன்ஷாவுக்குத் தினம் ஒரு கதை பேசிப் பதிவு செய்து, ஷார்ஜாவிலிருந்தே அதில் ஏற்றிவிடுவான். அந்தக் குரல் வேண்டுமென்றுதான் பிள்ளை இப்போது அழுகிறது.

கம்ப்யூட்டரை ஓட்ட ஊரெல்லாம் லினக்ஸ் போட்டால், இவன் மட்டும் அதிகம் பேர் தொடாத ஃப்ரீபிஎஸ்டி போடுவான். "நாளைக்கு எவன்டா இதைப் பாப்பான்?" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். பார்க்க வந்தது நானேதான்.

இத்தனை நாள் அவனுடைய பழைய லினக்ஸ் லேப்டாப்பில் கேட்டார்கள். அது படுத்துவிட்டது. ஷஹானாவின் தம்பி ஆசிப் வாங்கிக் கொடுத்த மேக்கில் ஃபோல்டர் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

கோளாறு சின்னதுதான். பெட்டி ஆளின் பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். அன்சாரின் எண் 1001, லேப்டாப்பிலும் அதையே வைத்திருந்தான். மேக் ஷஹானாவுக்குக் கொடுத்த எண் 501. 1001 தவிர யாரையும் உள்ளே விடாதே என்று பூட்டு. அவ்வளவு பெரிய கெட்டிக்காரன், பாஸ்வேர்டை மட்டும் சீட்டில் எழுதிப் பெட்டிக்கு அடியிலேயே ஒட்டியிருந்தான்.

"எல்லாத்தையும் உன் நம்பருக்கு மாத்திடவாம்மா?"

"அவங்க பேரு போயிடுமா? அப்ப வேணாண்ணே."

சரி என்று, யார் வந்தாலும் அன்சாராகவே எடுத்துக்கொள் என்று பெட்டிக்கு ஒரு வரி எழுதினேன். திறந்துவிட்டது. "இன்ஷாம்மா, அத்தா பேசுறேன்" என்று அவன் குரல் வந்ததும் ஷஹானா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேமிக்கவும் முடிகிறதா என்று பார்க்க, காலையில் எடுத்த இன்ஷாவின் போட்டோ ஒன்றைப் போடச் சொன்னேன். ஃபைல் பட்டியலில் புது வரி வந்தது. உரிமையாளர் அன்சார், இன்றைய தேதி.

ஷஹானாவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"இன்னிக்கு அவங்க போட்ட மாதிரி காட்டுது."

"யாரு போட்டாலும் இனி அப்படித்தாம்மா காட்டும்."

"அப்ப இன்ஷா பெருசானதும், அத்தா போட்டது எது, நாம போட்டது எதுன்னு தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

"அதை எடுத்துடுங்கண்ணே. இனிமே யாரும் எதுவும் போட முடியாம பண்ணிடுங்க. கேட்டா மட்டும் போதும்."

போட்டோவை அழித்தேன். படிக்க மட்டும் என்று பெட்டிக்குச் சொல்ல ro என்று இரண்டெழுத்து அடித்தால் போதும். அவன் இறந்துவிட்டான் என்று மவுத்துச் சேதி வந்த அன்றுகூட நான் அழவில்லை. அந்த இரண்டெழுத்தை அடிக்கக் கை வரவில்லை. அடித்து முடித்தபோது பட்டியலின் கடைசி வரி, அவன் கடைசியாகக் கதை போட்ட மார்ச் ஒன்பதில் நின்றது. அதற்குக் கீழே என் நண்பன் இனி ஒன்றுமே போடமாட்டான். ஷஹானா முன்னாலேயே, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன்.