சுருங்கிய பாதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதவேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஒரு போர்வையைத் துவைத்தேன், இந்தக் கதை வந்தது. ஈரப் போர்வையைக் கொடியில் போட்டால் ஒரு பாதி ஒழுங்காகத் தொங்கியது, மறு பாதி சுருங்கி மேலே ஏறிக்கொண்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் இரண்டு சகோதரிகள் —" வேண்டாம். இரண்டு சகோதரிகள் என்றதுமே ஒருத்தி நல்லவள், ஒருத்தி பொல்லாதவள் என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "ஃபிளானல் எப்போதும் அரைத்தூக்கத்தில் இருக்கும் துணி." இது இருக்கட்டும். கன்னத்தில் வைத்தால் கண் சொக்கும். ஆனால் வாங்கும்போது சொக்கிவிடக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழைக்கு இழை வெளிச்சம் கொட்டினால் வேண்டாம். விரலால் தேயுங்கள்; குட்டிக்குட்டியாகப் பஞ்சு உருண்டு திரண்டாலும் வேண்டாம். நல்ல துணிதான் என்றாலும் வெட்டுவதற்கு முன் வெந்நீரில் துவைத்து உலர்த்துங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிட வேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

2

அக்காவும் தங்கையும் மூன்று வருடம் பேசவில்லை. (தங்கை கற்பனைப் பாத்திரம். இல்லை, நான்தான்.)

காரணம் ஒரே ஒரு வாக்கியம். வீடு நிறைய ஆட்கள் இருந்த ஒரு நாளில் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவ எதையாவது முழுசா முடிச்சிருக்காளா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

பிறகு அக்கா மகள் உண்டானாள். நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தவள்போல அக்கா போன் செய்தாள்.

"பாப்பாவுக்குப் போர்வை தைக்கலாம்டி. பாதி நான், பாதி நீ. ரெண்டையும் சேர்த்து நீ தைச்சிடு."

"ஃபிளானல்னா முதல்ல வெந்நீர்ல துவைக்கணும்க்கா."

"தெரியும், தெரியும். தண்ணி காட்டிட்டேன்."

தண்ணி காட்டுவது என்றால் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பது. (தண்ணி காட்டுவதற்கு ஏமாற்றுவது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அதில் யார் கெட்டிக்காரி என்பது நாலாம் பகுதியில் தெரியும்.)

3

அக்காவின் பாதி பார்சலில் வந்தது. வெளிர் மஞ்சள் சதுரங்கள், ஓரமெல்லாம் பொடிப்பொடியாக நேர்த்தியான தையல். அவளை இந்தக் கதையில் கொஞ்சம் கடுகடுப்பானவளாக எழுதத்தான் நினைத்திருந்தேன். அந்தத் தையலைப் பார்த்தபின் கை வரவில்லை.

மத்தியானங்களில் தைத்தேன். வெளியே தூறல், உள்ளே மெஷின் சத்தம், மடியில் ஃபிளானல். பாதி விழிப்பும் பாதித் தூக்கமுமாக, நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்ட அறைக்குள் போய்விடுவேன். அக்காவின் கால் சில்லென்று என் கால்மேல் படும். "தள்ளிப் படுடி" என்பாள். தள்ளிப் படுத்தால் அவளே கிட்டே வருவாள். கண்ணைத் திறந்தால் ஊசி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அக்காவின் துணி சரியாக நனையாதது தெரியாமல் தங்கை இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்தாள்.

4

மேலே உள்ள வாக்கியத்தில் ஒரு பொய் இருக்கிறது. 'தெரியாமல்' என்பதை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டதுமே தெரிந்துவிட்டது. கடைக் கஞ்சி இன்னும் போகவில்லை. துணி மொடமொடவென்று இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. அவள் பாதி சுருங்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இன்னும் பிறக்காத குழந்தையின் போர்வையில் போய் என் வன்மத்தை வைத்துத் தைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்.

ஒன்று: தங்கை அந்தப் பாதியைப் பிரித்துப்போட்டு, புதுத்துணியில் அதேபோல் தைத்து வைக்கிறாள். (தன் தையல் அக்காவுக்குத் தெரியாதா?)

இரண்டு: கொடியிலிருந்து போர்வை பறந்துபோய்விட்டது என்று தங்கை — சீ.

மூன்று, நடந்தது. அக்கா வந்தாள். போர்வையை மடியில் விரித்துத் தடவினாள். என் பாதியில் அவள் கை வழுக்கிக்கொண்டு போனது. அவள் பாதியில் தட்டித் தட்டி நின்றது.

"என் பக்கந்தான் இழுத்திருக்கு, இல்ல?"

போர்வை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைக் கிள்ளினேன்.

"எல்லாம் என் அவசரம். உன் வேலையையும் சேர்த்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுடி."

மூன்று வருடமாகக் காத்திருந்த சொல், தப்பான காரணத்துக்காக வந்து சேர்ந்தது. வாங்கிக்கொண்டேன். "பரவாயில்லக்கா" என்று பெருந்தன்மையாக வேறு சொன்னேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா சொன்னாள்: "பேசாம இருந்த மூணு வருஷத்துலயும் உன் கதை ஒண்ணையும் நான் படிக்காம விட்டதில்ல, தெரியுமா?"

6

இந்த மாதிரிக் கதையில் முடிவை வாசகரிடம் விட்டுவிடலாம். நானும் விடுகிறேன், ஒரே ஒரு வாசகியிடம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போகலாம்.

அக்கா, நாலாம் பகுதியை இந்நேரம் படித்திருப்பாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ கேட்ட மன்னிப்பு எனக்குச் சேரவேண்டியது இல்லை, திருப்பி எடுத்துக்கொள். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திட்டு, கத்து. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.