காமுவுக்கு ஒரு பந்தய சைக்கிள்

பத்ரிநாராயணனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. வயது நாற்பத்தாறு. கிண்டியில் பாலங்களுக்கு வரைபடம் போடும் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். கார் நன்றாகவே ஓட்டுவார். சைக்கிள் மட்டும் சின்ன வயதில் எப்படியோ தவறிப் போய்விட்டது. ஆனால் பந்தய சைக்கிள்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு செம்பாக்கத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எந்த ஃப்ரேம் எத்தனை கிராம், எந்தச் சக்கரம் காற்றில் எப்படிப் போகும், எந்த டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எல்லாம் அவர் மனைவி காமுவுக்காகப் படித்தது.

காமு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஐந்து வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் ஆஷா டீச்சர் கூப்பிட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டப் போனாள். உடம்பு கொஞ்சம் இளைத்தால் போதும் என்றுதான் போனது. மூன்றாவது மாதம் அந்தக் குழுவில் யாரும் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட, நாற்பத்தேழு கிலோ. தோளைப் பார்த்தால் பலமிருக்கிற மாதிரியே தெரியாது. ஆனால் மிதிக்க ஆரம்பித்தால் அவள் மூச்சு வாங்குவது யாருக்கும் கேட்காது. போன வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த பந்தயத்தில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ஆறாவதாக வந்தாள். அதுவும் ஆஷா டீச்சரின் பழைய வண்டியில். ஆஷா அவளைவிட அரையடி உயரம்.

அன்று மாலையே பத்ரி சொல்லிவிட்டார், அடுத்த வருஷப் பந்தயத்துக்கு உனக்கென்று ஒரு வண்டி, நல்லதாக, உன் அளவில். காமு முதலில் மறுத்தாள். வீட்டுக்கு ஒரு சின்னக் கார் வாங்குகிற விலையாயிற்றே என்றாள். நமக்குத்தான் கார் இருக்கிறதே என்றார் அவர்.

அப்புறம் ஐந்து மாதம் படித்தார். ஆபீஸ் முடிந்து வந்து காபி குடித்த கையோடு லேப்டாப்பைத் திறந்துவிடுவார். வெளிநாட்டில் சைக்கிளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கிறவர்களின் வீடியோக்களை இரண்டு தடவை, மூன்று தடவை பார்ப்பார். முப்பது வண்டிகளில் ஆரம்பித்து ஒன்பதாக்கி, கடைசியில் இரண்டில் வந்து நின்றார்.

இரண்டுமே குரோம்பேட்டையில் ஃபிரெடியின் கடையில் இருந்தன. ஃபிரெடி முப்பத்துமூன்று வயதுக்காரன். ஒரு காலத்தில் மாநில அளவில் பந்தயம் ஓட்டியவன். இப்போது விற்பதும் பழுது பார்ப்பதும்தான். முதல் வண்டி கறுப்பு. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே செய்தது. குழாயெல்லாம் கத்தி மாதிரி தட்டையாக இருக்கும், சக்கரத்தின் விளிம்பு நாலு விரல் ஆழம். இரண்டாவது கரும்பச்சை. மெல்லிய குழாய், மெல்லிய சக்கரம். ஒரு விரலில் மாட்டித் தூக்கலாம். மலை ஏறுகிறவர்கள் விரும்பி வாங்குவது.

பத்ரியின் மனசு கறுப்பில் இருந்தது. பந்தயம் நடக்கிற சாலையில் மலையா இருக்கிறது? நாற்பது கிலோமீட்டரும் தட்டை. அங்கே எடையை விடக் காற்றுதான் எதிரி என்று ஃபிரெடிக்கே விளக்கினார். ஃபிரெடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க சொல்றது எல்லாம் கரெக்ட். அக்கா ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டும்" என்றான். இரண்டையும் வண்டிக்கொரு ஞாயிறு என்று இரவல் கொடுத்தான்.

வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தார்கள். முதல் ஞாயிறு கறுப்பு. காமு முன்னால் போக, பத்ரி காரில் பின்னால் போனார். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது அவருக்குப் பிடிக்கும். அடுத்த ஞாயிறு பச்சை. அதே சாலை, அதே தூரம், அதே நேரம். கறுப்பில் மணிக்கு முப்பத்தொன்று புள்ளி நாலு. பச்சையில் முப்பது புள்ளி எட்டு. பந்தய தூரத்துக்கு அது ஒன்றரை நிமிஷம். அதை அவர் சொன்னபோது, போன வருஷப் பதக்கத்துக்கும் காமுவுக்கும் நடுவில் இருந்தது ஐம்பது விநாடிதான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

காமு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, பச்சைதான் பிடித்திருக்கிறது என்றாள்.

ஏன் என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாம்பாக்கம் தாண்டி ஒரு லாரி பக்கத்தில் போனபோது கறுப்பு ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது என்றாள். ஆழமான சக்கரத்தில் பக்கக் காற்று மோதுவதால் அப்படி, பழகினால் சரியாகிவிடும் என்றார் அவர். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "கறுப்பு என்னை இழுத்துட்டுப் போகுது. பச்சைல நான் போறேன்" என்றாள்.

"சரி, அதை எப்படி அளக்கறது?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காமு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, களைத்த முகத்தோடு அவரைப் பார்த்தாள். ஐந்து மாதமாக ஒரு மனுஷன் கண் எரியப் படித்ததை ஒரு வார்த்தையில் எப்படித் தள்ளுவது என்று அவளுக்கு இருந்தது. "கறுப்பே வாங்கிடலாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அவருக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் கோயம்புத்தூரில் படிக்கிற மகள் மிருதுளா போனில் வந்தாள். அவளிடம் இரண்டு வண்டிகளையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா, வண்டி அம்மாவுக்கா, உங்களுக்கா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவரும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தார். ஆனால் அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி அவரை விடவில்லை. காமு சரி என்று சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். தான் ஆசைப்பட்டதை விட்டுக்கொடுத்துவிட்டால் அவள் பேச்சு சட்டென்று மரியாதையாகிவிடும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருபத்தோரு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர்தான் ஜெயித்திருக்கிறார். எந்தத் தடவையும் வீட்டில் அது கொண்டாட்டமாக இருந்ததில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, ஏதோ விடுமுறை. காலை ஆறு மணிக்கு அவர் காமுவை எழுப்பி, ஆஷா கொடுத்த அந்தப் பழைய வண்டியில் தனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

காமு எழுந்து உட்கார்ந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏரியை ஒட்டிய ஒரு தெருவுக்குப் போனார்கள். அந்தப் பக்கம் வீடுகள் குறைவு. சீட்டை இறக்கிவைத்து, அவருக்குத் தன் ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள். அது அவர் உச்சந்தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது. மிதியை மறந்துவிடுங்கள், இரண்டு காலாலும் தரையைத் தள்ளிக்கொண்டு உருளுங்கள் என்றாள். அவர் தள்ளினார். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார். காமு பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தன்னைவிட முப்பது கிலோ கூட இருக்கிற ஆளை எவ்வளவு தூரம் பிடிக்க முடியும்? இரண்டு பேருமாக ஒரு வேலியில் போய்ச் சாய்ந்தார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த தோத்தாத்ரி மாமா நின்று, என்ன பத்ரி, காலையிலேயே என்று விசாரித்தார். ஒரு சந்தேகம் மாமா, அதைத் தீர்த்துக்கொள்கிறேன் என்றார் பத்ரி.

முழங்கை தேய்ந்தது. பேன்ட்டில் கிரீஸ். ஒரு மணி நேரம் கழித்து, எப்படி என்று தெரியாமலே, வண்டி நேராகப் போனது. காமு பிடியை விட்டது அவருக்குத் தெரியாது. இருபதடி, முப்பதடி. எதிரே தெரு நடுவில் ஒரு பள்ளம், முந்தின நாள் மழைத் தண்ணீரோடு. அதில் விழுந்துவிடக் கூடாது என்று அவர் அதையே பார்த்தார். வண்டி நேராக அதற்குள் போய் இறங்கியது.

காமு ஓடி வந்தாள். அவர் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு வண்டியின் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திருப்பவே இல்ல, காமு. சும்மா பாத்தேன். அதுவா போயிடுச்சு."

"அதேதான்" என்றாள் காமு. அவளும் ஈரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முந்தின நாள் வராத வார்த்தை அப்போது வந்தது. "பச்சைல நான் பாக்கற இடத்துக்கு அது போயிடுது. கறுப்புல பாக்கறேன், அப்புறம் கையால சொல்றேன், அப்புறம்தான் போகுது. அந்த நடுவுல எனக்குப் பயமா இருக்கு. பயந்துகிட்டே நாப்பது கிலோமீட்டர் என்னால மிதிக்க முடியாது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க அளவு கேட்டீங்க. என்கிட்ட இல்ல."

அவர் எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அவர் பார்த்த சோதனைகளில் எல்லாம் வண்டியின் மேல் இருந்தவர்கள் எழுபது, எழுபத்தைந்து கிலோ ஆட்கள். நாற்பத்தேழு கிலோ உடம்பைப் பக்கக் காற்று என்ன செய்யும் என்று அவர் ஒரு தடவைகூடக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பாலத்துக்கு என்றால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார். அதை அவளிடம் அப்படியே சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஃபிரெடிக்குப் போன் போட்டு, பச்சை என்றார். ஃபிரெடி, "அக்கா கடைக்கு வந்த அன்னிக்கே அதைத்தான் தொட்டுப் பாத்துட்டு இருந்தாங்க சார்" என்றான்.

காமுவின் உயரத்துக்கும் கைநீளத்துக்கும் ஏற்ற மாதிரி ஃபிரெடி எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தான். ஆறு மாதம் அவள் அதில் பழகினாள்.

பந்தயம் ஜனவரியில். விடியும்போதே பத்ரி காரை விட்டு இறங்கி விரலை நனைத்து மேலே தூக்கிப் பார்த்தார். கடற்கரைச் சாலையில் அன்று இலைகூட அசையவில்லை. அந்தச் சாலையில் அப்படி ஒரு காலை அவர் பார்த்ததே இல்லை. கறுப்பு வண்டிக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, காமுவின் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

பதினாலு பெண்கள். இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். அவர் முன்பே காரில் போய்த் திரும்புகிற இடத்தில் நின்றார். முதலில் ஐந்து பேர் சேர்ந்து வந்தார்கள். காமு அதில் கடைசி. தடுப்பைச் சுற்றித் திரும்பும்போது முன்னால் இருந்தவர்கள் பிரேக் பிடித்து அகலமாகச் சுற்றினார்கள். காமு பிரேக்கைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. தலையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பார்த்தாள். வண்டி உள்பக்கமாக வளைந்து போயிற்று. ஐந்தாவதாக வந்தவள் முதலாவதாகக் கிளம்பிப் போனாள். பேர் சொல்லிக் கத்தலாமென்று பத்ரி வாயைத் திறப்பதற்குள் அவள் தூரத்தில் போய்விட்டாள்.

கடைசி மூன்று கிலோமீட்டரில் இரண்டு பேர் அவளை மறுபடி பிடித்துத் தாண்டிப் போனார்கள். இருவருமே ஆழச் சக்கர வண்டிக்காரிகள். காமு மூன்றாவதாக வந்தாள். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு சக்கர அகலம்.

வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து காரின் திறந்த டிக்கியில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றிக் காலை ஆட்டினாள். முகமெல்லாம் உப்பு. அவர் கேட்காமலே, "இன்னிக்குக் காத்தே இல்ல, கவனிச்சீங்களா? கறுப்பு இருந்தா முதல்ல வந்திருக்கலாம்" என்றாள்.

பத்ரி யோசித்தார். அவரால் பொய் சொல்ல முடியாது. "தட்டையில வந்திருக்கலாம். திரும்பற இடத்துல வந்திருக்க மாட்ட" என்றார். அப்புறம், "அங்க உன் முகத்தைப் பாத்தேன். பயமே இல்ல" என்றார்.

காமு அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வேர்வையில் அவர் சட்டை நனைந்தது. எனக்கு இப்போது இரண்டு பிளேட் பொங்கல் வேண்டும், யாரோடும் பகிர்ந்துகொள்ள மாட்டேன் என்றாள்.

கேளம்பாக்கத்தில் சாப்பிட்டார்கள். அவள் சொன்னபடியே இரண்டு பிளேட் சாப்பிட்டாள். அப்புறம் காரில் ஏறினதும் பதக்கத்தோடேயே தூங்கிப் போனாள். பின்னால் பச்சை வண்டியைப் போர்வை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். வண்டலூர் வரைக்கும் எத்தனையோ வேகத்தடை. ஒவ்வொன்றிலும் காரை அநேகமாக நிறுத்தியே ஏற்றி இறக்கினார் பத்ரி. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். காமு விழிக்கவில்லை.